ஒன்றாம் நம்பர் குருவி

அத்தியாயம் 11

"இன்னும் ஐம்பது நிமிஷம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அந்த டிரைவரை இன்னைக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுல நிறுத்தணும். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவர் தூக்கத்தைக் கெடுத்து வெச்சிருக்கேன்."

"மத்தியானம் தூங்கினா உடம்புக்கு ஆகாது சார். நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க," என்றான் ஸ்பீக்கர்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். முறைப்பு சரியாக எடுபடவில்லை. மஃப்டியில் வந்தவரைச் சந்தைக்கு வந்தவர் மாதிரி காட்டுவதற்காக, அண்ணி அவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அதில் ஒரு டஜன் விளையாட்டுப் பேட்ஜ்களைக் குத்திவிட்டிருந்தாள். நெற்றிக்கு நேராக ஒரு பச்சை டால்பின் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர் என்று அவனுக்குப் பெயர் வைத்தது கூடப் பிறந்த அண்ணன். தொட்டிலிலேயே ஆரம்பித்த சத்தம் இன்னும் ஓயவில்லை என்பது அண்ணனின் புகார். அந்த அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த அண்ணி, விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் நானூறு வந்து இறங்கினாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு மாடி அறையில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். வேலை வெட்டி இல்லாமல் இருந்த கொழுந்தனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அவன் வாயை அவளால் மூட முடியவில்லை. அதனால் முக்கியமான விஷயங்களை அவனிடம் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

இன்றைக்கும் சொல்லவில்லை. அதுதான் ஸ்பீக்கருக்கு எரிச்சல்.

விளையாட்டு நினைவுப்பொருள் சேகரிப்பவர்களின் சந்தை அது. பூப்பந்து ஆடும் உள்ளரங்கத்தில், தரையில் வரைந்த கோடுகளுக்கு மேலேயே இருநூறு மேசைகளைப் போட்டிருந்தார்கள். பழைய பந்துகள், கையெழுத்துப் போட்ட மட்டைகள், சட்டைகள், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேட்ஜ்கள். தொப்பி, கோட்டு, பை, கழுத்துப் பட்டை என்று குத்த இடமுள்ள எல்லாவற்றிலும் குத்திக்கொண்டு ஆட்கள் நடமாடினார்கள். நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

நாற்பத்தெட்டாம் மேசை அவர்களுடையது. மேசை மேல் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கட்டைவிரல் நகம் அளவு ஒரு பேட்ஜ். நீலப் பின்னணியில் இரண்டு ஹாக்கி மட்டைகள், நடுவில் வெள்ளைக் குருவி.

பெட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். டியூட்டி முடிந்து உடை மாற்றாமல் அப்படியே வந்திருந்தாள். கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். லாக்கப்பில் இருக்கும் பார்சல் வேன் டிரைவர் அவள் தம்பி.

நேற்றுச் சாயங்காலம் அவள் மாடி ஏறி வந்தபோது சொன்ன முதல் வார்த்தை ஸ்பீக்கருக்கு இன்னும் காதில் இருந்தது. "அவன்தான் பண்ணினானா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

நடந்தது இதுதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் பெண்கள் ஹாக்கியில் 'குருவிகள்' என்று ஓர் அணி இருந்தது. உடைந்த விரலோடு நின்று இறுதிப் போட்டியில் கோல் விடாமல் காத்த கோல்கீப்பர் அம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்த வெற்றிக்காக அணிக்கு மட்டும் பதினாறு பேட்ஜ்கள் செய்தார்கள். முன்பக்கம் எல்லாம் ஒன்று. பின்பக்கம் மட்டும் அவரவர் சட்டை நம்பர் பொறித்திருக்கும். கோல்கீப்பர் அம்மா தன் பேட்ஜை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். யார் கேட்டாலும் வெளியில் எடுத்துத் தரமாட்டார்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குப் பார்சல் கொடுக்கப் போன டிரைவர், மாடிப்படிக்குக் கீழே அவர் தலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். பயந்துபோய் வெளியே ஓடிவந்தான். ஓடியவன் உடனே யாருக்கும் போன் செய்யவில்லை. இருபது நிமிஷம் கழித்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அந்த இருபது நிமிஷம்தான் அவன் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. அம்மா இன்னும் கண் திறக்கவில்லை. அவர் படுத்திருப்பது நர்ஸ் வேலை பார்க்கும் அதே வார்டு. தம்பி தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் ஆளுக்கு அக்கா டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அலமாரியில் வெள்ளிக் கோப்பைகள் அப்படியே இருந்தன. காணாமல் போனது பேட்ஜ் ஒன்றுதான். போலீஸ் அதை 'துணியில் குத்தும் சிறு பொருள்' என்று எழுதி வைத்துக்கொண்டு, பத்திரிகைக்குக்கூடச் சொல்லவில்லை.

"வெள்ளிக் கோப்பையைத் தொடாம தகரத்தை எடுத்துட்டுப் போனவன் சாதாரணத் திருடன் இல்லை சார்," என்று அண்ணி நேற்றே சொல்லிவிட்டாள். "இதைச் சேகரிக்கிறவன். நாளைக்கு ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ஒரே ஹால்ல இருப்பாங்க. எனக்கு நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க."

அதோடு ராத்திரி ரயிலைப் பிடித்து எங்கேயோ போனாள். காலையில் இந்தக் குருவியோடு வந்து நின்றாள்.

"அண்ணி, கடைசியா கேக்கறேன்," என்றான் ஸ்பீக்கர். "இது யாரோடது?"

"ஒரு அம்மாகிட்ட கடனா வாங்கினது."

"நிஜமா, போலியா?"

அண்ணி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மேசைக்கு மேசை தாவியது.

"என் வேலை என்னன்னாவது சொல்லுங்க."

"வர்றவங்ககிட்ட பேசு. அது உனக்கு வராத வேலையா? இது கோல்கீப்பர் அம்மாவோட பேட்ஜ்னு சொல்லு. பின்னாடி திருப்பிக் காட்டு. எல்லாரும் 'ஆமா'ன்னு சொல்வாங்க. ஒருத்தன் 'இல்லை'ன்னு சொல்வான். எனக்கு அவன் வேணும்."

காலையிலிருந்து முப்பது பேருக்குமேல் வந்து போய்விட்டார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஸ்பீக்கர் பேட்ஜைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் 1 என்று பொறித்திருந்தது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண் கலங்கினார். இல்லை என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

மூன்று இருபது.

"அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்க அண்ணி," என்று ஸ்பீக்கர் குரலைத் தாழ்த்தினான். அவன் குரல் தாழ்ந்தால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு வரும். "நாலாவது தடவையா வர்றார். ஆள் சரியில்லை."

தொப்பிக்காரர் உயரமானவர். கௌபாய் தொப்பி முழுக்கப் பேட்ஜ். அவர் நடந்து வந்தால் பாத்திரக்கடை நடந்து வருவதுபோல் இருந்தது.

"மாத்திக்கலாமா?" என்றார் நாலாவது முறையாக. "என் தொப்பியோட எடுத்துக்கங்க. தலை மட்டும் எனக்கு இருக்கட்டும்."

"தலையில என்ன சார் வெச்சிருக்கீங்க?" என்றான் ஸ்பீக்கர். "நேத்துக் காலைல பதினொரு மணிக்கு அந்தத் தலை எங்கே இருந்தது?"

"பல் டாக்டர்கிட்ட இருந்தது. எதுக்குக் கேக்கறீங்க?"

தொப்பிக்காரர் வாயைத் திறந்து புதிதாக அடைத்த பல்லையும் காட்டினார்.

"சரி, உங்க கோட்டுல உள்பக்கம் என்னவோ குத்தியிருக்கீங்களே, அதைக் காட்டுங்க," என்றான் விடாமல்.

தொப்பிக்காரர் முகம் மாறியது. "தம்பி புதுசா இந்தப் பக்கம்? வெளியே குத்தியிருந்தா மாத்திக்கறதுக்கு. கோட்டு மடிப்புக்கு உள்ளே குத்தியிருந்தா உயிரே போனாலும் மாத்தமாட்டோம்னு அர்த்தம். அதைக் காட்டுன்னு கேக்கவே கூடாது. மரியாதை இல்லை."

சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. குருவியையே பார்த்துக்கொண்டு மேசை ஓரத்தில் நின்றார்.

வார்டிலிருந்து நர்ஸுக்குப் போன் வந்தது. எடுத்துக் கேட்டாள். "அப்படியேதான் இருக்காங்களாம்," என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "இருபது நிமிஷம் எதுக்கு சும்மா இருந்தான்? அதை மட்டும் என்னால யோசிக்காம இருக்க முடியலை," என்றாள். அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

மூன்று முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை எல்லாருக்கும் தெரியும்படி செய்தார்.

அப்போது மைக்கில் அறிவிப்பு வந்தது. "டோக்கன் அறுபத்தி ஒண்ணு. சான்று மேசைக்கு வரவும்."

"நம்மதுதான்," என்றாள் அண்ணி. "பெட்டியை எடு. மெதுவா நட. எல்லாரும் பாக்கணும்."

அந்தச் சந்தையில் ஒரு முறை இருந்தது. அபூர்வமான பொருளாக இருந்தால் சான்று மேசையில் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் கைமாற்றலாம். சான்று மேசையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாராலும் லென்ஸ் என்று அழைக்கப்படுபவர். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் லென்ஸ், கையில் வெள்ளை உறை, பழுப்பு நிறக் கோட்டு. குருவிகள் அணியைப் பற்றி ஆதியோடந்தமாக எழுதிய தடித்த கையேடு அவருடையது. இருபது வருடமாக எத்தனையோ பதிப்புகள். அந்த ஹாலில் இருந்த பாதிப்பேர் அதைக் கையோடு வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

ஸ்பீக்கர் கண்ணாடிப் பெட்டியைச் சாமி சிலை மாதிரி ஏந்திக்கொண்டு போனான். நர்ஸும் இன்ஸ்பெக்டரும் கூடவே வர, பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டது. தொப்பிக்காரர் முதல் ஆளாக இடித்துக்கொண்டு வந்தார்.

லென்ஸ் பெட்டியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கை அசையாமல் நின்றது. பிறகு பேட்ஜை எடுத்து, முன்பக்கம் பார்த்தார், ஓரம் பார்த்தார், திருப்பினார்.

"எங்கே கிடைச்சுது?"

"ஒரு அம்மா கொடுத்தாங்க," என்றாள் அண்ணி.

லென்ஸ் பேட்ஜைப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு படிவத்தை இழுத்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்பதற்கு நேராக டிக் அடித்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. ஸ்பீக்கர் அந்த டிக்கை இன்னொரு முறை பார்த்தான். காலையிலிருந்து தேடிய 'இல்லை' இந்த மனிதரிடமிருந்தா? இருக்காது. போலியைப் போலி என்று சொல்வது அவர் வேலை. அண்ணி எங்கேயோ ஏமாந்து ஒரு போலியை வாங்கி வந்துவிட்டாள், அவ்வளவுதான். மூன்று நாற்பது. எல்லாம் போச்சு.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே," என்றாள் அண்ணி. "அதை எழுதலையே நீங்க?"

"எனாமல் சரியில்லை."

"எப்படிச் சரியில்லை?" என்றார் தொப்பிக்காரர். "எட்டாம் நம்பர் குருவியை நான் கையில வெச்சுப் பாத்திருக்கேன். இதே நீலம்தான்."

"உலோகம் வேற."

கூட்டத்தில் ஒருவர் தராசை நீட்டினார். இன்னொருவர் காந்தத்தைக் கொடுத்தார். இந்த ஆட்கள் சட்டை போட மறந்தாலும் தராசு கொண்டுவர மறக்கமாட்டார்கள். எடை சரியாக இருந்தது. காந்தம் ஒட்டவில்லை.

"சார், உங்க புத்தகம்," என்று தொப்பிக்காரர் கையேட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். "பக்கம் நூத்திப் பன்னிரண்டு. நீலம் சரி. எடை சரி. கோல்கீப்பர், பின்பக்கம் நம்பர் ஒண்ணு. அதுவும் சரி. நாலு மாசம் முன்னாடி வந்த பதிப்பு. நீங்க எழுதினதை நீங்களே இல்லைங்கறீங்களே?"

யாரோ சிரித்தார்கள். லென்ஸின் காது மடல் சிவந்தது. இருபது வருடத்தில் அவர் முகத்துக்கு நேராக யாரும் சிரித்ததில்லை போலிருக்கிறது.

"வயசாயிடுச்சு சார், கண்ணுக்கும் ரெஸ்ட் வேணும்," என்று ஸ்பீக்கர் தன் பங்குக்கு எடுத்துவிட்டான். "நாங்க வேற யார்கிட்டயாவது காட்டிக்கறோம். விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க."

"நிறுத்து!" லென்ஸ் எழுந்துவிட்டார். "யாருக்குத் தெரியும்? இங்கே யாருக்கு என்ன தெரியும்? இது போலி. கோல்கீப்பர் பேட்ஜ்ல ஒண்ணுன்னு இருக்காது. புத்தகத்துல இருக்கறது தப்பு. பின்னாடி ஏழுன்னு பொறிச்சிருக்கும். ஏழு!"

பக்கத்து மேசைகளில் கிலுகிலு சத்தம்கூட நின்றது.

"அதையே காரணம்னு எழுதிடுங்க," என்றாள் அண்ணி. குரல் மாறவே இல்லை. "நாங்க மறுப்பு சொல்லமாட்டோம்."

லென்ஸ் எழுதினார். அழுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. 'அசல் பேட்ஜின் பின்பக்கம் எண் 7 உள்ளது. இதில் இல்லை.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அண்ணி அந்தத் தாளை எடுத்து இரண்டாக மடித்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். பச்சை டால்பின் குனிந்து அதைப் படித்தது.

"இது எப்போ தெரியும் சார் உங்களுக்கு?" என்றாள்.

அப்போதுதான் லென்ஸ் நிதானத்துக்கு வந்தார். அண்ணியைப் பார்த்தார், தொப்பி போட்ட இன்ஸ்பெக்டரின் போலீஸ் ஷூவைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம் ஆச்சு. அந்தம்மாவே காட்டினாங்க. புத்தகத்துல மாத்த விட்டுப்போச்சு. அச்சுப்பிழை."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. காட்டினார்கள் என்றால் காட்டினார்கள்தான். இல்லை என்று சொல்ல வேண்டிய கோல்கீப்பர் அம்மா கண் மூடிக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டரும் தாளை அண்ணியிடமே திருப்பி நீட்டினார். மூன்று நாற்பத்தெட்டு.

அண்ணி காபி விற்கும் மூலையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அங்கிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலியோடு நடந்தாலும் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

"குருவிகள் அணியில இடதுபக்கம் ஆடினவங்க," என்றாள் அண்ணி. "சட்டை நம்பர் ஏழு. அம்மா, உங்க சிநேகிதி பேட்ஜ்ல என்ன நம்பர் இருந்தது?"

"ஒண்ணு," என்றார் ஏழாம் நம்பர் அம்மா. "அம்பது வருஷமா ஒண்ணுதான். நேத்துக் காலைல பத்தே கால் வரைக்கும்."

"பத்தே காலுக்கு என்ன ஆச்சு?"

"மாத்திக்கிட்டோம். ஆட்டம் முடிஞ்சா சட்டை மாத்திக்கறதில்லையா, அந்த மாதிரி. ஜெயிச்சு அம்பது வருஷம் ஆச்சே, யார் முதல்ல போவோமோ தெரியாது, உன்னோடது என்கிட்ட இருக்கட்டும், என்னோடது உன்கிட்ட இருக்கட்டும்னா. என் ஏழை அவ கையாலேயே அலமாரில வெச்சா. அவளோட ஒண்ணை என் கைப்பையில போட்டுவிட்டா. பத்தரைக்கு நான் டாக்ஸி ஏறிட்டேன். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

ஸ்பீக்கர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் அலட்சியமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் அந்த அசல் குருவி. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்க புத்தகம் சரியாத்தான் இருந்தது சார்," என்றாள் அண்ணி. "தெருக் கேமராவில பத்தரைக்கு டாக்ஸி ஏறின அம்மா யாருன்னு கேட்டுத்தான் நான் ராத்திரி ரயில் ஏறினேன். டிரைவர் போனப்போ, ஏழுங்கற நம்பர் அந்த அலமாரிக்குள்ள வந்தே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைப் பாத்தவன்தான் அலமாரியைத் திறந்தவன்."

"ஒரு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். ஆள் லேசுப்பட்டவரில்லை. "டிரைவர் எடுத்து இவர்கிட்ட கொடுத்திருக்கலாமே? பேட்ஜ் இவர்கிட்ட இருந்தா, தள்ளினதும் இவர்னு ஆயிடுமா?"

நர்ஸ் சுருட்டிய கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்போ கொடுத்தான் சார்?" என்றாள் அண்ணி. "வீட்டைவிட்டு ஓடி வந்தவன் அந்த இருபது நிமிஷமும் உங்க கேமராவிலேயே இருக்கான். வேன் படியில உட்கார்ந்து, தலையில கையை வெச்சுட்டு. அதைத்தானே நீங்க குத்தவாளி மாதிரி உட்கார்ந்திருக்கான்னு சொன்னீங்க? பக்கத்துல ஒரு ஆள் வரலை. அப்புறம் ஆம்புலன்ஸ், பின்னாலேயே உங்க ஜீப். பிடிச்சு அங்கேயே சோதனை போட்டீங்க. பையில என்ன இருந்தது?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "டெலிவரி மெஷின். பாதி பிஸ்கட் பாக்கெட்."

"அவனுக்கு அந்த வீட்டுல கேமராவுக்கு நேரா இருக்கற வாசல் மட்டும்தான் தெரியும். பின்பக்கச் சந்து தெரிஞ்சவர் இருபது வருஷமா அங்கே போய்ப் போய்க் கெஞ்சினவர்."

லென்ஸின் வலது கை மெல்ல ஏறிப்போய்க் கோட்டின் இடது மடிப்பைத் தொட்டது. காலையிலிருந்து பத்துத் தடவை தொட்டிருப்பார். நெஞ்சு வலி என்று ஸ்பீக்கர் நினைத்திருந்தான்.

"மரியாதை இல்லாத கேள்வி ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றான் ஸ்பீக்கர். "அந்த மடிப்புக்கு உள்ளே என்ன குத்தியிருக்கீங்க?"

தொப்பிக்காரர் ஸ்பீக்கரை இப்போது கண்டிக்கவில்லை. கூட்டம் ஓர் அடி நெருங்கியது. இன்ஸ்பெக்டர் கை வைக்கும்வரை லென்ஸ் காத்திருக்கவில்லை. அவரே மடிப்பைப் புரட்டினார். உள்ளே வெள்ளைக் குருவி. உறை போட்ட கையால் அதைக் கழற்றி, எல்லாரும் பார்க்கும்படி பின்பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தார். ஏழு. அந்த நிலைமையிலும் எனாமல் மேலே விரல் படாமல் ஓரத்தில் பிடித்துத்தான் வைத்தார்.

"எடுத்துட்டு வர நான் அங்கே போகலை," என்றார். "இருபது வருஷமா ஒரே ஒரு தடவை பின்பக்கம் காட்டுங்கன்னு கேட்டேன். காட்டலை. கேள்விப்பட்டதை வெச்சு ஒண்ணுன்னு எழுதினேன். நேத்து மாடியில இருந்தாங்க. திருப்பிப் பாத்துட்டு வெச்சிடலாம்னு எடுத்தேன். ஏழுன்னு இருந்தது. எனக்குக் கை கால் ஓடலை. இத்தனை பதிப்பும் தப்பான்னு அங்கேயே நின்னுட்டேன். படி ஏறி வெளிச்சத்துல பாத்தேன். அவங்க வந்து கையைப் பிடிச்சாங்க. உதறினேன். அவ்வளவுதான்." மூச்சு வாங்கினார். "ஒண்ணுன்னு இருந்திருந்தா வெச்சிட்டுப் போயிருப்பேன்."

ஏழாம் நம்பர் அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியைத் துழாவி உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் என்றெல்லாம் அவருக்கு ஓடியிருக்க வேண்டும். அண்ணி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"இதை நீங்களே கொண்டுபோய் அவங்க கையில வையுங்க. உங்க குரல் கேட்டா கண் திறந்தாலும் திறப்பாங்க."

"திட்டுவா," என்றார் அவர். "எதுக்குடி ஊர் பூரா காட்டினேன்னு திட்டுவா." அழுகையும் சிரிப்புமாக வந்தது.

இன்ஸ்பெக்டர் லென்ஸின் தோளில் கை வைத்தார். "நடங்க." நாலடி போய்த் திரும்பிப் பார்த்த லென்ஸ், தொப்பிக்காரர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல கை வெக்காதீங்க. அது சரி," என்றார். தொப்பிக்காரர் புத்தகத்தை மூடினார்.

வாசலில் ஜீப் நின்றது. லென்ஸை ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஸ்பீக்கரிடம் கொடுத்தார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "அந்தப் பையனைக் கூப்பிடு," என்றார். "மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு நான் வேற ஆளைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிடு." எல்லாருக்கும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியைப் போட்டு நர்ஸிடம் நீட்டினார்.

"அக்கா?" என்றது போனில் ஒரு குரல். இரண்டு நாள் தண்ணீர் குடிக்காத குரல் மாதிரி இருந்தது.

"விட்டுடுவாங்கடா," என்றாள் நர்ஸ். "வேற ஆள் கிடைச்சாச்சு. நீ வீட்டுக்கு வரலாம்."

"கால் ஓடலைக்கா. செத்துட்டாங்கன்னு நினைச்சேன். போன் கையிலதான் இருந்தது, நம்பர் அமுக்க வரலை. அந்த இருபது நிமிஷத்தை யார்கிட்ட சொன்னாலும் நம்பலை. எல்லாரும் நான்தான்னு சொன்னாங்க," என்றான். "நீயும் அப்படி நினைச்சியாக்கா?"

நர்ஸ் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றாள். போன் பிடித்த கை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு நொடி அவள் பேசாமல் நின்றால் அதுவே பதிலாகிவிடும் என்று ஸ்பீக்கருக்குத் தெரிந்தது. சொல்ல அவனிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது, ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

அண்ணி போனை வாங்கினாள்.

"தம்பி, நான் உங்க கேஸைப் பாத்துட்டு இருக்கறவ பேசறேன். உங்க அக்கா என் ஆபீஸ் படி ஏறினதும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'என் தம்பி பண்ணியிருக்க மாட்டான்'னுதான். அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நான் இந்தக் கேஸை எடுத்திருக்கவே மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றான் டிரைவர். "அவ அப்படித்தான் சொல்லியிருப்பா."

நர்ஸ் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தை மூடி அழுதாள்.